கோட்டைக் காப்பது எப்படி?

கேள்வி:

அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் கலியாண வரவேற்புக்காக ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் தூய கம்பளியில் ஒரு சூட் அனுப்பியிருந்தார். பிறகு அதை நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன். போன ஆவணியில் ஒரு கலியாணத்துக்குப் போட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்கு வீடு வந்தேன். நாலு மணித்தியாலம்தானே போட்டது என்று, முந்தி ட்றை கிளீன் செய்த கடையில் தந்த பொலித்தீன் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு அலுமாரியில் கொழுவினேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் கொலரிலும் கமக்கட்டிலும் வெள்ளைப் பூஞ்சணம். காற்சட்டையில் வலது தொடைப் பக்கம் மூன்று ஓட்டை. கம்பி ஹாங்கரின் துரு கோட்டின் உள்துணியில் பிடித்திருக்கிறது. வெயிலில் போடு என்கிறார் அம்மா. நிறம் போய்விடும் என்கிறார் மனைவி. நப்தலீன் உருண்டை வாங்கலாம் என்றால் வீட்டில் எட்டு மாதப் பிள்ளை. ஒவ்வொரு தடவை போட்ட பிறகும் ட்றை கிளீன் செய்யத்தான் வேண்டுமா? அப்பாவின் பட்டு வேட்டியும் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதையும் இப்படி ஆக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

- கோண்டாவில் வாசகர்

பதில்:

தம்பி, இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, முற்றவெளிக்குப் பக்கத்தில் நிற்கிற கோட்டையைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறேன் என்று சிலர் வாசிக்க வருவார்கள். வரட்டும். அதுவும் உப்புக்காற்றில் நிற்கிறதுதான்.

பூஞ்சணம், ஓட்டை, துரு என்று மூன்று பழுதைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் மூலம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "நாலு மணித்தியாலம்தானே போட்டது." முப்பது வருடத்துக்கு மேல் ஆண்களின் உடுப்புத் தைத்தும் திருத்தியும் வருகிறேன். பழுதாகி என் மேசைக்கு வருகிற கோட்டுகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். கலியாண வீட்டிலிருந்து திரும்பிய இரவில், களைப்பில், கழற்றி நேரே அலுமாரிக்குள் போட்ட கதை. அடுத்த நாள் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த நாள் நாலாம் சடங்கு வந்திருக்கும், விமானத்துக்குப் போகிற விருந்தாளி வந்திருப்பார். கோட் மறந்துபோகும்.

அந்த இரவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கம்பளி ஒரு விசித்திரமான துணி. தன் நிறையில் ஏறக்குறைய முப்பது வீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் கையால் தொட்டால் காய்ந்த துணி மாதிரியே இருக்கும். ஆவணி மாதம், ஆள் நிரம்பிய மண்டபம், உள்ளே சேட், மேலே கோட், கழுத்தை இறுக்கி ரை. நாலு மணித்தியாலத்தில் உங்கள் முதுகு விட்ட வியர்வையை அந்தக் கோட் குடித்துவிட்டது. உங்களுக்கு ஈரம் தெரியவில்லை. அதைப் பொலித்தீனுக்குள் போட்டால் ஈரம் எங்கே போகும்? இரண்டு மாதத்தில் ஐப்பசி வந்துவிட்டது. இங்கே ஒரு வருட மழையில் பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் விழுகிறது. அப்போது காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நிற்கும். பூஞ்சணத்துக்கு 70 வீதமே போதும். தின்பதற்கு வியர்வையும் தோல் எண்ணெயும் இருக்கிற கொலரையும் கமக்கட்டையும் அது தேடிப் பிடித்ததில் அதிசயம் இல்லை. கம்பி ஹாங்கர் துருப்பிடித்ததும் அதே ஈரத்தால்தான்.

ஓட்டை மூன்றும் ஏன் வலது தொடையில் மட்டும்? எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கலியாணத்தில் மேசை இல்லாமல் கதிரையில் இருந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டீர்களா? குழம்பு இரண்டு சொட்டு விழுந்திருக்கும், ரிசுவால் துடைத்திருப்பீர்கள், கறை கண்ணுக்குத் தெரிந்திராது. ஆனால் பூச்சிக்குத் தெரியும். கம்பளியைத் தின்பது பறக்கிற அந்தப் பூச்சியே அல்ல, அதன் புழு. தாய்ப்பூச்சி நாற்பது ஐம்பது முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். துணியைத் தின்கிற வாய் அதற்கு இல்லை. புழு சுத்தமான கம்பளியையும் தின்னும். ஆனால் வியர்வையோ உணவோ பட்ட இடம் இருந்தால் முதலில் அங்கேதான் வாய் வைக்கும். உங்கள் அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவரை ஒருமுறை பாருங்கள். சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை மாதிரித் தட்டையாக, இரண்டு முனையும் திறந்த ஒரு சிறு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். நம் வீட்டுச் சுவர்களில் அதைக் காணாதவர்கள் குறைவு. தூசி என்று நினைத்துத் தும்புத்தடியால் தட்டிவிடுவோம். உள்ளே ஒரு புழு இருக்கிறது. கூட்டோடு சேர்ந்தே நடக்கும். அதுவும் கம்பளி தின்னும் குடும்பம்தான். தட்டிவிட்டால் போதாது, எடுத்து வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

சரி, இனி வருகிற கலியாணத்துக்குப் போய் வந்த இரவில் என்ன செய்யவேண்டும்? பத்து நிமிட வேலைதான். முதலில் பொக்கற்றுகளைக் காலிசெய்யுங்கள். திறப்புக்கோர்வையும் கைத்தொலைபேசியும் இரவு முழுக்கத் தொங்கினால் பொக்கற் வாய் பிளந்து அப்படியே நின்றுவிடும். பிறகு கோட்டை அகலமான ஹாங்கரில் கொழுவி, எல்லாப் பொத்தான்களையும் கழற்றிவிட்டு, அலுமாரிக்கு வெளியே, மின்விசிறிக் காற்றுப் படுகிற இடத்தில் விடுங்கள். அறைக் கதவின் மேல் விளிம்பில் கொழுவினாலும் சரி. காற்சட்டையைக் கால் நுனியில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதன் பாரமே சுருக்கத்தை இழுத்து எடுத்துவிடும். அடுத்த நாள் மதியம் வரை அப்படியே இருக்கட்டும். தொங்கத் தொங்கக் கம்பளியின் சுருக்கம் தானாகவே போய்விடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. காலையில் எழும்பியவுடன் அயன்பெட்டியைத் தேடுகிறார்கள். அதற்குத் தேவையே வராது.

காய்ந்த பிறகு பிரஷ். மென்மையான மயிர் உள்ள உடுப்புப் பிரஷ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சூட் வைத்திருக்கிற ஒருவருக்கு இதைவிட உபயோகமான ஒரு சாமான் இல்லை. தோளிலிருந்து கீழ்நோக்கி, துணியின் போக்கிலேயே இழுங்கள். கொலரைத் தூக்கி அதன் அடிப்பக்கம், பொக்கற் மூடிக்குக் கீழே, காற்சட்டை மடிப்புக்குள்ளே. முட்டை இருக்கிற இடங்கள் இவைதான். பிரஷ் பட்டால் முட்டை உதிர்ந்துவிடும்.

கறை பட்டிருந்தால் அதே இரவில் பார்க்கவேண்டும். எண்ணெய்க் கறை என்றால் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி விடிய விடிய விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். குழம்பு என்றால் கொஞ்சம் சிக்கல். நம் ஊர்க் கறியில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் சிவந்துபோய் நிற்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே கணக்குத்தான். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பவுடர் போட்டு, சலவைக் கடையில் அந்த இடத்தைக் கையால் காட்டிக் கொடுங்கள். எல்லாவற்றிலும் மோசமானது நெல்லி கிரஷும் சோடாவும். காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. உள்ளே சீனி இருக்கும். மாதக்கணக்கில் கிடந்தாலோ அயன்பெட்டியின் சூடு பட்டாலோ மண்ணிறமாக எழும்பி வரும். வாடிக்கையாளர் வந்து "அலுமாரியில் இருந்தபடியே கறை வந்தது அண்ணை" என்பார். அலுமாரிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒவ்வொரு தடவையும் ட்றை கிளீன் தேவையா என்று கேட்டீர்கள். வேண்டாம். மேலே சொன்னதைச் செய்தால் வருடத்துக்கு ஒருமுறை போதும். நிறையப் போட்டிருந்தால் இரண்டு தடவை. ட்றை கிளீன் என்றால் தண்ணீருக்குப் பதிலாக ஓர் இரசாயனத் திரவத்தில் துவைப்பது. அது எண்ணெயை வடிவாக எடுக்கும். ஆனால் கம்பளியின் சொந்த மெருகையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். அடிக்கடி கொடுத்த கோட் மூன்று வருடத்தில் செத்த மீனின் கண் மாதிரிக் கிடக்கும். வியர்வை உப்பும் சீனியும் அந்தத் திரவத்தில் சரியாகக் கரையாது. அதனால்தான் எந்த இடத்தில் என்ன பட்டது என்று கடையில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கோட் சுத்தமாக இருக்கிறது, காற்சட்டை மட்டும்தான் அழுக்கு என்றாலும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் சில வருடத்தில் இரண்டும் வேறு வேறு நிறமாகிவிடும். உள்ளே தைத்திருக்கிற சிறு துண்டில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் "பி" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வழக்கமான ட்றை கிளீன் தாங்கும். வட்டத்தைக் குறுக்கே வெட்டியிருந்தால் கொடுக்கக்கூடாது.

கடையிலிருந்து வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, அந்தப் பொலித்தீன் உறையைக் கிழித்து எறிவது. அது கடையிலிருந்து வீடுவரை தூசி படாமல் இருக்கத் தந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு நாள் காற்றாட விட்டு, அந்த மருந்து மணம் போன பிறகு அலுமாரிக்குள் வையுங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1993இல் என் கலியாணத்துக்கு நானே ஒரு கோட் தைத்தேன். பொருளாதாரத் தடைக் காலம். நல்ல துணி கிடைப்பதே பெரும்பாடு, மின்சாரமும் இல்லை. சிரட்டைக் கரி போட்ட அயன்பெட்டியால்தான் அதன் கொலரை மடக்கினேன். 1995 ஒக்டோபர் 30இல் போர் நெருங்கி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன அன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று கோட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்கூரையில் பாதி இருந்தது. றங்குப்பெட்டி இருந்தது. பூட்டும் இருந்தது. பைக்குள் இருந்த கோட் கையோடு பிய்ந்து வந்தது. பெட்டிக்குள்ளேயே மேலே கிடந்த என் மனைவியின் பருத்திச் சேலைக்கு மடிப்புக் கறையைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. அதற்கு உறை இருக்கவில்லை.

அப்போ தூசி படாமல் எப்படி வைப்பது? பழைய நாலுமுழ வேட்டி ஒன்று போதும். பருத்தியாக இருக்கவேண்டும், கஞ்சி போகக் கழுவியிருக்கவேண்டும். இரண்டாக மடித்தால் 24 அங்குல அகலமும் 44 அங்குல நீளமும் வருகிற மாதிரி வெட்டி, மேல் விளிம்பை ஹாங்கரின் தோள் சரிவுக்கு ஏற்றபடி வளைத்து, நடுவில் கொழுக்கிக்கு ஒரு சிறு துவாரம் விட்டு, இரண்டு பக்கமும் தைத்துவிடுங்கள். அடி திறந்தே இருக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலையணை உறையைத் தைக்கத் தெரிந்த யாராலும் இதைத் தைக்கமுடியும். வெள்ளை வேட்டிதான் நல்லது. பூச்சி ஏறினாலும் பூஞ்சணம் பிடித்தாலும் உடனே தெரியும். சாயம் இறங்குகிற பழைய சாரத்தில் தைத்துவிட்டு என்னிடம் வரவேண்டாம்.

ஹாங்கரைப் பற்றி. கோட்டின் தோள்தான் அதன் உயிர். அதற்குள் பஞ்சும் கான்வஸும் வைத்து, நீராவியால் உருவம் கொடுத்திருப்போம். கம்பி ஹாங்கரில் தொங்கினால் முழுப் பாரமும் ஒரு மெல்லிய வரியில் இறங்கி, தோளில் கொம்பு முளைத்த மாதிரி இரண்டு மேடு வரும். பிறகு அதை எடுக்கவே முடியாது. முனையில் நாலைந்து சென்ரிமீற்றர் தடிப்பும், உங்கள் தோள் அகலத்துக்குச் சற்றுக் குறைவான நீளமும் உள்ள மர ஹாங்கர் வேண்டும். கடையில் கிடைக்கவில்லை என்றால் ஓடாவியாரிடம் வேம்பில் வெட்டித் தரச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த வேம்பாக இருக்கவேண்டும். கொழுக்கி மட்டும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதற்கும் நேரமில்லை என்றால், இப்போதைக்கு அந்தக் கம்பி ஹாங்கரின் இரண்டு தோளிலும் பழைய துவாயைச் சுற்றித் தைத்துவிடுங்கள். பார்க்க அவ்வளவு வடிவில்லை, ஆனால் வேலை செய்யும்.

இனி வெயில் வழக்கு. அம்மாவும் மனைவியும் சொல்வது இரண்டும் பாதிப் பாதி சரி. பூஞ்சணம் பிடித்த துணிக்கு வெயில் நல்ல மருந்து. புழுவுக்கும் வெளிச்சம் பிடிக்காது. ஆனால் கடும் நீலக் கம்பளியைச் சித்திரை வெயிலில் கொடியில் போட்டுவிட்டு மறந்துபோனால் தோள் ஒரு நிறம், முதுகு ஒரு நிறம் ஆகிவிடும். காலை எட்டு மணி வெயிலில், உள்பக்கத்தை வெளியே திருப்பி, அரை மணித்தியாலம். பிறகு நிழலில், காற்றுள்ள விறாந்தையில் மாலைவரை. அம்மாவுக்கு வெயில், மனைவிக்கு நிழல். தீர்ப்பை நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இப்போது கோட்டில் இருக்கிற பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். துடைத்தால் நூலுக்குள் போய்விடும். முதலில் இந்த முறைப்படி காயவிட்டு, முற்றத்தில் வைத்து, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். அந்தத் தூள் சுவாசத்துக்குக் கூடாது. பிள்ளை இருக்கிற அறைப் பக்கம் செய்யவேண்டாம். அதன் பிறகு ட்றை கிளீன், பூஞ்சணம் பிடித்தது என்று சொல்லி. உள்துணியில் பிடித்த துருவுக்குச் சில வீடுகளில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்ப்பார்கள். வெள்ளைப் பருத்திக்கு அது சரி. நிறமுள்ள உள்துணியில் போட்டால் துருவோடு நிறமும் போகும். அதை விட்டுவிடுங்கள், தோள்ப் பக்கத்து உள்துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நப்தலீன் விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது. அதை ஒரு பழைய பழக்கம் என்று இலேசாக எடுக்கக்கூடாது. நப்தலீன் மணம் ஏறிய துணியும் போர்வையும் போட்ட கைக்குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணு உடைந்து, செங்கமாரி வந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. பிறப்பிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். தவழ்கிற பிள்ளை உருண்டையை இனிப்பு என்று வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம். பிள்ளை இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: அது இறுக்கமாக மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே துணிக்கு மேலே வைக்கவேண்டும், துணியில் முட்டக்கூடாது. அலுமாரியின் அடியில் இரண்டு உருண்டையை உருட்டிவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை கதவைத் திறப்பவர்கள், பூச்சிக்கல்ல, தங்கள் மூக்குக்குத்தான் மருந்து போடுகிறார்கள்.

வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர் எல்லாம் நல்லதா? வைக்கலாம். நிழலில் மொறுமொறு என்று காய்ந்த வேப்பிலையைச் சிறு பருத்திப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பச்சையாகப் போட்டால் கறையும் பூஞ்சணமும் சேர்ந்தே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆனால் இவை எதுவும் துணியில் ஏற்கெனவே இருக்கிற புழுவைக் கொல்லாது. வராமல் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். கொல்வதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது: குளிர்சாதனப்பெட்டியின் ஐஸ் அறை. காற்சட்டையை மடித்து, பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்துக் கட்டி, இரண்டு வாரம் வையுங்கள். நான் பொலித்தீனுக்கு ஆதரவாகப் பேசுகிற ஒரே இடம் இதுதான். ஐஸ் அறை -18 பாகையில் நின்றால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே அவிழ்க்கவேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் துணியில் தண்ணீர் வேர்க்கும். கோட் பெரிது, ஐஸ் அறைக்குள் போகாது என்பவர்கள் நல்லூர்ப் பக்கத்துக் கூல்பார் முதலாளி யாரையாவது சிநேகிதம் பிடித்துக்கொள்ளலாம். கோட்டை ஐஸ்கிறீம் வாளிக்கு மேலே வைக்க அவர் சம்மதிப்பாரா என்பது வேறு கதை.

ஓட்டை மூன்றையும் பார்த்துப் பயப்படவேண்டாம். உங்களுடையது தூய கம்பளிதான் என்பதற்குப் பூச்சியே சாட்சி. பொலியெஸ்ரரை அது இலேசில் தொடாது. சந்தேகம் இருக்கிறவர்கள் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். தலைமயிர் கருகிற மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கறுத்து மணி மாதிரி இறுகினால் பொலியெஸ்ரர். அதே உள்மடிப்பு நூலால்தான் ஓட்டையையும் மூடுவோம். ஒவ்வொரு இழையாக, மேலும் கீழும் விட்டு, நெய்கிற மாதிரி. நேரம் எடுக்கும், காசும் கொஞ்சம் எடுக்கும். ஆனால் மச்சான் ரொறன்ரோவிலிருந்து வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்.

அவர் அனுப்பிய சூட்டின் உள்துண்டில் "சூப்பர் 100", "சூப்பர் 150" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். விலை கூடியது என்று சொல்வதற்காகப் போட்டதல்ல அது, நூல் எவ்வளவு மெல்லியது என்பதன் கணக்கு. 100 என்றால் மயிரிழையின் தடிப்பு 18.75 மைக்ரோனுக்கு மேல் போகாது. 150 என்றால் 16.25. எண் கூடக்கூடத் துணி பட்டு மாதிரி இருக்கும். நம் வெயிலுக்கும் இதம். ஆனால் சீக்கிரம் தேயும், தொடை உராய்கிற இடம் மினுங்கத் தொடங்கும். 150ஐ மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மண்டபம்வரை காற்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு, கோட்டைக் காரில் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அயன் பண்ணத்தான் வேண்டும் என்றால் அயன்பெட்டியில் இரண்டு புள்ளிச் சூடு, அதாவது 150 பாகைக்குள். இடையில் ஈரமான வெள்ளைப் பருத்தித் துண்டு. நேரே வைத்து இழுத்தால் கம்பளி நசிந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். தொழில் பழகிய நாளில் ஒரு வாத்தியாரின் கோட் மார்பில் நான் அப்படி ஒரு மினுக்கத்தை உண்டாக்கி, அவர் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பரிசளிப்பு விழாவில் அவர் அந்த இடத்தில் ஒரு பெரிய ரோசாப்பூக் குத்தியிருந்ததைக் கண்டபோதுதான் புரிந்தது.

மாரிக்கு ஆயத்தம் ஆடியில் தொடங்கவேண்டும். ஆடியில் கலியாணம் இல்லை, கோட்டுக்கும் விடுமுறை. சோளகம் வீசும், காற்று காய்ந்திருக்கும். அலுமாரியைக் காலிசெய்து, மூலை முடுக்கெல்லாம் தூசி எடுத்து, கதவை ஒரு நாள் திறந்து வையுங்கள். அலுமாரி சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் முன்னுக்கு இழுங்கள். வெளிச்சுவரில் மழை ஊறும்போது அந்த ஈரம் நேரே உங்கள் கோட்டுக்குத்தான் வரும். ஐப்பசி பிறக்குமுன் சிரட்டைக் கரியைத் துணிப்பையில் கட்டி அடித்தட்டில் வையுங்கள். மணத்தையும் கொஞ்ச ஈரத்தையும் எடுக்கும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளில் அந்தப் பையை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிறு சிலிக்கா பைகள் முழு அலுமாரிக்குப் போதாது, ரையும் பெல்ற்றும் வைக்கிற சிறு பெட்டிக்குச் சரி. அந்தக் காலத்தில் அலுமாரிக்குள் 15 வாற்ஸ் மஞ்சள் குமிழ் எரியவிடுவார்கள். அந்தச் சூட்டில் ஈரம் போகும். இப்போதைய எல்ஈடி குமிழில் அந்தச் சூடு இல்லை. பழைய குமிழைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து வீட்டை எரிக்கவும் வேண்டாம். மாரி மூன்று மாதமும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மழை விட்ட ஒரு பகலில், கோட்டை வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் விட்டால் அதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய காவல்.

அப்பாவின் பட்டு வேட்டிக்கு வருகிறேன். பட்டும் கம்பளி மாதிரி ஓர் உயிரிடமிருந்து வந்த துணி, எனவே அதே புழு அதையும் தின்னும். ஆனால் அதற்கு முக்கிய எதிரி மடிப்பு. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் கரையும் பட்டும் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்து, காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடியுங்கள். கரை வெள்ளிச் சரிகையாக இருந்தால் கறுக்கும். வாசனைத் திரவியத்தை வேட்டி கட்டிய பிறகு மேலே அடிக்கவேண்டாம். இறப்பர் பட்டியால் கட்டவும் வேண்டாம், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கஞ்சி போகக் கழுவிய பருத்தித் துணியில் சுற்றி, பாரம் ஏற்றாமல் மேல்தட்டில் வையுங்கள். விபூதி பட்டிருந்தால் தட்டிவிட்டால் போகும். சந்தனம் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டாமல் உதிர்த்துவிட்டு, மிச்சத்தைச் சலவைக் கடையில் காட்டுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற பருத்தி வேட்டிகளுக்கு ஒன்று மட்டும்: கஞ்சி போட்டு மொடமொட என்று அடுக்கி வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. கழுவி, கஞ்சி இல்லாமல் வைத்துவிட்டு, கட்டுவதற்கு முதல் நாள் கஞ்சி போடுங்கள். வங்கிக்குப் போடுகிற வெள்ளைச் சேட் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிற வன்னீர். சவர்க்காரம் அதில் நுரைக்காமல் திரைந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். சலவைத்தூள் பாவித்து, கடைசி அலசலை மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் செய்தால் வித்தியாசம் தெரியும்.

சப்பாத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்தை நல்ல நாளைக்கு என்று பெட்டியோடு வைத்திருக்கிறீர்களா? அடிப்பகுதி பொலியூரித்தேனாக இருந்தால், பாவிக்காமல் வைத்திருந்தாலே ஈரக்காற்று அதை உள்ளுக்குள் உடைத்துவிடும். ஐந்தாறு வருடம் கழித்துப் போட்டுக்கொண்டு நடந்தால் மண்டபத்து வாசலில் கேக் மாதிரி உதிரும். ஒரு மாப்பிள்ளைத் தோழனுக்கு அப்படி நடந்து, அவர் வெறும் காலோடு படம் எடுக்க நின்றதை என் கண்ணாலேயே கண்டேன். போடுங்கள், நடவுங்கள்.

காற்சட்டையை ஐஸ் அறையில் வைத்து எடுத்த பிறகு, ட்றை கிளீனும் முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். ஆனி முடிவதற்குள் வந்தால் நல்லது, ஆவணிக் கலியாணங்களுக்கான தையல் தொடங்கினால் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதற்கிடையில் நீளம் கூட என்று யாரிடமாவது கொடுத்துக் கீழ் மடிப்பை வெட்டிவிடாதீர்கள். ஓட்டையை நெய்ய எனக்கு அந்தத் துணியிலிருந்துதான் நூல் எடுக்கவேண்டும்.